பயிற்சி முடிந்தது, நாற்காலி எங்கே?

நாடிழந்து நிற்கும் ஆப்கன் பெண்களுக்கு உலகமெங்கும் தலைமைப் பயிற்சி கொடுக்கிறார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

2022 ஜனவரியில் ஆஸ்லோ நகரைப் பார்த்தபடி குன்றின்மேல் இருக்கும் ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பேச்சு நடந்தது. ஆட்சியைப் பிடித்து ஆறு மாதம்கூட ஆகாத தாலிபான், அதன்பின் முதல்முறையாக மேற்கு ஐரோப்பிய மண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது. தூதுக்குழுவுக்குத் தலைவர் அமீர் கான் முத்தகி, காபூலின் வெளியுறவு அமைச்சர். அந்தப் பக்கம் ஒரு பெண்கூட இல்லை. எதிர்ப்பக்கம் இருந்த சிவில் சமூகத்தினரில் ஒருவர் ஹுதா கமோஷ். பத்திரிகையாளர். பள்ளிக்கூடங்களில் மாதவிடாய் பற்றி வாய் திறந்து பேச வைத்தவர். தாலிபான் வந்த பிறகு காபூல் தெருவில் பெண்களைத் திரட்டியவர். சில நாள் முன்புதான் தமனா பர்யானி, பர்வானா இப்ராஹிம்கெல் என்ற இரண்டு போராட்டக்காரப் பெண்கள் காபூலில் காணாமல் போயிருந்தார்கள். கமோஷ் அவர்களுடைய படங்களை முத்தகியின் முன்னால் வைத்தார். இப்போதே காபூலுக்குப் போன் போடுங்கள், இவர்களை விடச் சொல்லுங்கள் என்றார்.

அவர்களைப் பிடித்து வைக்கவே இல்லை என்று தாலிபான் சாதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் இருவரும் வெளியே வந்தார்கள். கமோஷுக்குத்தான் ஊர் திரும்ப வழியில்லாமல் போனது.

அதற்குப் பிறகான ஆண்டுகளில் பெர்லின், டொரன்டோ, மெல்பர்ன், வாஷிங்டன், ஜெனீவா என ஆப்கன் பெண்கள் சிதறிக் கிடக்கும் ஊர்களிலெல்லாம் அவர்களுக்கென்றே தலைமைப் பயிற்சித் திட்டங்கள் முளைத்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன, ஐ.நா. அமைப்புகள் நடத்துகின்றன, அரசுகளின் உதவிப் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. புலம்பெயர்ந்த பெண்களைப் பாலின சமத்துவத்துக்காக வாதாடும் தலைவர்களாக வளர்த்தெடுப்பது நோக்கம் என்று விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் முத்தகியின் முன் படத்தை வைத்த பெண்ணை நினைத்துக்கொண்டு அந்தக் குறிப்பைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

யார் இந்த மாணவிகள்?

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது வெளியேறியவர்கள் யார் என்று பார்த்தால் அந்தச் சிரிப்பின் காரணம் புரியும். 2004 அரசியல் சட்டம் கீழவையின் 249 இடங்களில் 68-ஐப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. அந்த எம்.பி.க்களில் மிகப் பலர் இன்று வெளிநாட்டில். 2021 கடைசியில் ஒரு கூட்டம் ஏதென்ஸில் போய் இறங்கியது. அங்குள்ள புலம்பெயர் பெண்கள் அமைப்பு ஒன்றின் கூடத்தில் உட்கார்ந்து, நாடு கடந்த நாடாளுமன்றமாக இயங்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 270 பெண் நீதிபதிகள் இருந்தார்கள். தாலிபான் முன்னேறிய வேகத்தில் சிறைகளைத் திறந்துவிட்டது. இந்த நீதிபதிகள் தீர்ப்பெழுதி உள்ளே அனுப்பிய ஆண்கள் அவர்களுடைய வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். உலக நாடுகளின் பெண் நீதிபதிகள் சங்கம் ராத்திரி பகலாகப் போனில் உட்கார்ந்து பலரை வெளியே கொண்டுவந்தது. இவர்களைத் தவிர மேயர்கள், அரசு வழக்கறிஞர்கள், மனித உரிமை ஆணைய அதிகாரிகள், வானொலி நிலையம் நடத்தியவர்கள்.

போய் இறங்கிய ஊரில் இவர்களுக்கு முதலில் கிடைத்தது மொழி வகுப்பு. அடுத்தது தலைமைப் பயிற்சி.

பாடத்திட்டம் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஜூம் வகுப்பு. கலிபோர்னியாவில் இருப்பவருக்கு விடியற்காலை, ஜெர்மனியில் இருப்பவருக்குச் சாயங்காலம், ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு நடு ராத்திரி. பெண்கள், அமைதி, பாதுகாப்பு குறித்து 2000-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம் ஒரு பாடம். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை இன்னொன்று. பேட்டி கொடுப்பது, சமூக ஊடகம், கைபேசியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது, திட்ட முன்மொழிவு எழுதுவது, மனநலம். கடைசியில் சில நாள் நேரில் கூடி, உள்ளூர் எம்.பி. ஒருவரோடு படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழோடு கலைவார்கள். இதில் மிகவும் இடறுவது ‘தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி’ என்ற பாடம். கொலைகாரனுக்கு முகத்துக்கு நேரே தண்டனை வாசித்த பெண் அதில் என்ன கற்றுக்கொள்வார் என்று பாடத்திட்டம் போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 2014-ல் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் ‘ப்ரமோட்’ என்ற திட்டத்தை ஆப்கானிஸ்தானில் தொடங்கியது. பெண்களை முன்னேற்ற அந்த நிறுவனம் அதுவரை போட்ட திட்டங்களிலேயே பெரியது என்று அறிவித்தார்கள். மதிப்பு 28 கோடி டாலர், இலக்கு 75,000 இளம்பெண்கள். தலைமைப் பயிற்சி அதில் ஒரு பெரிய அங்கம். 2018-ல் அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கை அதிகாரி கணக்கைப் புரட்டியபோது ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவாகியிருந்தது. அதனால் என்ன பலன் விளைந்தது என்று மட்டும் காட்ட முடியவில்லை. எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்ற எண்ணிக்கை இருந்தது. உட்கார்ந்து எழுந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற விவரம்தான் இல்லை. இன்றைக்கு நாடு கடந்து நடக்கும் திட்டங்களில் பல, அதே பாத்திரத்தில் அதே குழம்பை வேறு அடுப்பில் வைத்ததைப் போலத்தான் இருக்கின்றன.

பெஷாவரில் நடந்த பள்ளி

ஆப்கன் பெண்கள் அகதியாக இருந்துகொண்டே தலைவர்களானது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. அதற்கு யாரும் பாடத்திட்டம் போடவில்லை.

சோவியத் படையெடுப்புக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி பாகிஸ்தானின் பெஷாவரிலும் குவெட்டாவிலும் கூடாரம் போட்டார்கள். ஆப்கன் பெண்கள் புரட்சிச் சங்கத்தை 1977-ல் காபூலில் தொடங்கிய மீனா, குவெட்டாவிலிருந்து பள்ளிக்கூடமும் பத்திரிகையும் நடத்தினார். 1987-ல் அங்கேயே கொலையுண்டார். டாக்டர் சீமா சமர் குவெட்டாவில் அகதிப் பெண்களுக்கு மருத்துவமனை கட்டினார். சகீனா யாகூபி முகாம்களில் ஆசிரியர்களைத் தயார்செய்து, முதல் தாலிபான் ஆட்சியின்போது எல்லைக்கு அந்தப் பக்கம் வீடுகளுக்குள் ரகசியப் பள்ளிகள் நடத்தினார். ஹபிபா சராபி பெஷாவரில் இருந்தபடி சிறுமிகளின் படிப்புக்கு வேலை செய்தார். 1995 பெய்ஜிங் மகளிர் மாநாட்டுக்குப் போய் வந்த சூட்டில் சில பெண்கள் சேர்ந்து ஆப்கன் பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கியதும் பாகிஸ்தானில் இருந்தபோதுதான்.

முதல் தாலிபான் ஆட்சி விழுந்து 2001 டிசம்பரில் கதவு திறந்தது. சீமா சமர் இடைக்கால அரசின் துணைத் தலைவரானார், பிறகு மனித உரிமை ஆணையத்தின் தலைவரானார். சராபி 2005-ல் பாமியான் மாகாண ஆளுநர் ஆனார்; நாட்டின் முதல் பெண் ஆளுநர். இருவருக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் மகசேசே விருதும் கிடைத்தது.

முகாமில் கிளினிக் நடத்தியவருக்கு மருந்துக் கணக்குத் தெரியும், எந்த முல்லாவிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று தெரியும், யாருடைய மகள் பள்ளிக்கு வரவில்லை என்று தெரியும். மக்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். எல்லை ஒருநாள் பஸ் பயணத்தில் இருந்தது. இன்றைய அகதிக்கு இந்த வசதி இல்லை. ஹாம்பர்க்கில் இருப்பவரையும் ஹெராத்தில் இருப்பவரையும் இணைப்பது ஒரு கைபேசி மட்டும்தான். ஹெராத்தில் அந்தக் கைபேசி பிடிபட்டால் வைத்திருப்பவருக்குச் சிறைகூட நேரலாம். தொலைவில் உட்கார்ந்துகொண்டு பெஷாவரில் கிடைத்த அந்த அனுபவத்தை எப்படிப் பெறுவது என்பதுதான் பயிற்சி கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதைக் கேட்ட திட்டங்கள் குறைவு.

எதைக் கற்றால் பயன்?

2024 ஜூன் 30, ஜூலை 1 தேதிகளில் கத்தார் தலைநகர் தோஹாவில் ஐ.நா. ஒரு கூட்டம் கூட்டியது. ஆப்கானிஸ்தானுக்கான பல நாட்டுச் சிறப்புத் தூதர்கள் வந்தார்கள். பிப்ரவரியில் நடந்த முந்தைய கூட்டத்துக்கு வர மறுத்த தாலிபான் இந்த முறை வந்தது. முக்கிய அமர்வுகளில் ஆப்கன் பெண்கள் யாரும் இல்லை, பெண்ணுரிமை என்ற தலைப்பும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. தாலிபான் கிளம்பிய பிறகு, ஜூலை 2 அன்று, சிவில் சமூகத்தினரைத் தனியாகச் சந்தித்தார்கள். விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு கூப்பிட்டால் போவதா என்று பல பெண்கள் அந்தச் சந்திப்பைப் புறக்கணித்தார்கள்.

கூப்பிடப்படாதவர்களில் பேச்சுவார்த்தைப் பழக்கம் இல்லாதவர்கள் யார்? 2020 செப்டம்பரில் இதே தோஹாவில் தாலிபானுக்கு எதிரே உட்கார்ந்த, அன்றைய ஆப்கன் அரசின் 21 பேர் குழுவில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஹபிபா சராபி ஒருவர். ஃபவ்ஸியா கூஃபி இன்னொருவர். பேச்சு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு காபூல் அருகே சுடப்பட்டு, கையில் கட்டோடு போய் உட்கார்ந்தவர். 2024-ல் இவர்களுக்குக் குறைந்திருந்தது திறமை இல்லை, நாற்காலி. பயிற்சி தேவைப்பட்டவர்கள் அழைப்பிதழ் அனுப்பிய ராஜதந்திரிகள்.

அதற்காக எல்லாப் பயிற்சியும் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. வேறு இரண்டு மேசைகளில் இந்தப் பெண்கள் காய் நகர்த்திக் காட்டியிருக்கிறார்கள். அவை இரண்டிலும் படித்துத் தேர்ந்த வேலை இருந்தது.

முதலாவது சட்டம். இன ஒதுக்கலை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்கிறது, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையாக 1998-ல் உருவான ரோம் சட்டம். ஒரு இனக்குழு இன்னொரு இனக்குழுவை அமைப்புரீதியாக அடக்கி ஆள்வது என்று அதற்கு வரையறை கொடுக்கிறது. அந்த வரையறையில் இனம் மட்டும்தான் இருக்கிறது, பாலினம் இல்லை. 2023 மகளிர் தினத்தில் ஆப்கன், ஈரானியப் பெண்கள் கூட்டாக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பாலினத்தின் பேரில் நடக்கும் ஒதுக்கலையும் இதே குற்றமாகச் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

கோஷமாகக் கேட்டால் இது சுலபம். வழக்கறிஞர் மேசையில் சுலபமில்லை. பாலின அடிப்படையிலான துன்புறுத்தல் ஏற்கெனவே ரோம் சட்டத்தில் குற்றமாக இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். துன்புறுத்தல் என்பது செய்யப்பட்ட கொடுமைகளைப் பார்க்கிறது. ஒதுக்கல் என்பது ஆட்சியே அதற்காகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவை உலகம் எப்படி நடத்தியது என்ற முன்னுதாரணம் அதோடு கூடவே வருகிறது. அப்படிப்பட்ட ஆட்சியோடு கைகுலுக்கும் மற்ற நாடுகளுக்கும் சங்கடம். இந்த வாதத்தை ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று சிதறியிருந்த ஆப்கன் பெண் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் வருஷக்கணக்கில் தூதரகம் தூதரகமாக எடுத்துப்போனார்கள். 2023 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலா நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய மலாலா இதையே பேசினார். சட்டத்தின் வரையறைகள் கல்லில் வெட்டியவை அல்ல என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. டர்பன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை, ருவாண்டா தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் ஒரே பெண். அந்த அமர்வு 1998-ல் அளித்த தீர்ப்புதான் பாலியல் வல்லுறவையும் இனப்படுகொலைச் செயலாகக் கொள்ளலாம் என்று முதலில் சொன்னது.

மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் குறித்துத் தனி உடன்படிக்கை எழுதும் பேச்சைத் தொடங்க 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. பாலின ஒதுக்கல் அந்த வரைவுக்குள் நுழையுமா என்பது இனிமேல் முடிவாக வேண்டும்.

இரண்டாவது மேசை ஆதாரம் திரட்டுவது. ஸாஹ்ரா ஜோயா 2020-ல் காபூலில் தொடங்கிய ‘ருக்‌ஷானா மீடியா’வை இப்போது லண்டனிலிருந்து நடத்துகிறார். 2015-ல் கோர் மாகாணத்தில் கல்லெறிந்து கொல்லப்பட்ட பெண்ணின் பெயர் ருக்‌ஷானா. கனடாவிலிருந்து ஸாஹ்ரா நாதிர் 2022-ல் ‘ஸன் டைம்ஸ்’ தொடங்கினார். உள்ளேயிருக்கும் பெண் நிருபர்கள் புனைபெயரில் செய்தி அனுப்புகிறார்கள், வெளியே இருப்பவர்கள் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். ஒரு சிறுமிக்குக் கட்டாயக் கல்யாணம், ஒரு பெண்ணுக்குப் பொது மைதானத்தில் சவுக்கடி என்று செய்தி வந்தால் நாள், இடம், ஆணையிட்டவர், பார்த்த சாட்சி என்று வழக்குக்கு நிற்கும்படி பதிவு செய்வது ஒரு தொழில். சாட்சி சொன்னவரின் அடையாளம் கசியாமல் கோப்பைப் பூட்டி வைப்பது இன்னொரு தொழில். இவை இரண்டும் பிறவியிலேயே வருபவை அல்ல, சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

இதற்குப் பலனும் தெரிந்திருக்கிறது. பாலின அடிப்படையிலான துன்புறுத்தல் குற்றத்துக்காகத் தாலிபானின் உச்சத் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதா, தலைமை நீதிபதி அப்துல் ஹக்கிம் ஹக்கானி இருவருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலை 8 அன்று கைது வாரண்ட் பிறப்பித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், ஆப்கானிஸ்தானில் நடக்கும் குற்றங்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கத் தனி விசாரணை அமைப்பை உருவாக்கியது. பெண்கள் அமைப்புகள் 2021 முதல் கேட்டுக்கொண்டிருந்தது இது. கவுன்சிலில் தொண்டு நிறுவனத்தின் பேரில் பேச எழுந்தால் கிடைப்பது ஒன்றரை, இரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள் அழுது முடிப்பதா, கோரிக்கையைச் சொல்லி முடிப்பதா என்பதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

(குற்றவியல் நீதிமன்றத்தையும் கிரிக்கெட் கவுன்சிலையும் ஒரே ஐ.சி.சி. என்ற சுருக்கத்தில் சொல்வதில் ஆப்கன் பெண்களுக்கு ஒரு கசப்பு உண்டு. 2020 கடைசியில் ஒப்பந்தம் பெற்ற 25 பெண் கிரிக்கெட் வீராங்கனைகளில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். கிரிக்கெட் ஐ.சி.சி.க்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். ஆண்கள் அணி உலகக் கோப்பைகளில் ஆடிக்கொண்டே இருந்தது. பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காட்சிப் போட்டி ஆட 2025 ஜனவரி வரை, மெல்பர்னில் ஒரு மைதானம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.)

வீட்டுக்குள் சண்டை

பயிற்சிக் கூடங்களில் மிகவும் தயங்கித் தயங்கிப் பேசப்படும் விஷயம் ஒன்று உண்டு. உனக்காக நான் பேசுகிறேன் என்று சொல்ல யாருக்கு உரிமை?

மஹ்பூபா செராஜ் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டு 2003-ல் காபூல் திரும்பியவர். 2021-ல் கிளம்ப வாய்ப்பிருந்தும் கிளம்பவில்லை. பெண்களுக்கான காப்பகத்தை அங்கேயே இருந்து நடத்தினார். உள்ளே இருக்கும் மூன்று நான்கு கோடி மக்கள் பட்டினியில் சாகாமல் இருக்கத் தாலிபானோடு ஏதாவது ஒரு பேச்சு வேண்டும் என்பது அவர் நிலை. வெளியே இருப்பவர்களில் பலர் இதைத் துரோகம் என்றே சொன்னார்கள். பேசப் பேச அந்த ஆட்சிக்கு அங்கீகாரம் கூடும், பெண்ணுக்கு ஒன்றும் திரும்பி வராது என்பது அவர்கள் வாதம். 2022 மார்ச் 23 அன்று பள்ளி திறக்கிறோம் என்று சொல்லி, வந்து உட்கார்ந்த சிறுமிகளைச் சில மணி நேரத்தில் திருப்பியனுப்பியவர்களிடம் என்ன பேசுவது என்று கேட்கிறார்கள். இரண்டு வாதத்துக்கும் ஆதாரம் உண்டு. நாள் செல்லச் செல்ல இரண்டாவது வாதத்தின் பக்கம் தட்டு இறங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் மூடியது. அதே மாதம் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை. 2023-ல் அழகு நிலையங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் பெண்ணின் குரலையே பொது இடத்தில் மறைக்க வேண்டிய ஒன்று என்றது. அதற்குப் பதிலாக உள்ளேயும் வெளியேயும் இருந்த பெண்கள் பாட்டுப் பாடிப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் செவிலியர், பேறுகாலச் செவிலியர் படிப்பும் போனது. பிரசவத்தில் தாய்மார்கள் சாவது அதிகமுள்ள நாடு அது. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஆட்சியும் அதுவே.

அடுத்த விரிசல் தலைமுறை. எண்பதுகளில் போய் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் ஹாம்பர்க்கிலும் வேர்விட்டவர்களின் மகள்கள் சரளமான ஆங்கிலமும் ஜெர்மனும் பேசுவார்கள், எந்த எம்.பி.யின் உதவியாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று அறிவார்கள். 2021-ல் வந்தவருக்கு மாகாணம் மாகாணமாக ஆள் தெரியும், மொழி உதைக்கும். தொலைக்காட்சி கூப்பிடுவது முதல் வகையினரை.

அதைவிட ஆழமான விரிசல் இனம். 2022 செப்டம்பர் 30 அன்று காபூலின் தஷ்தே பர்ச்சி பகுதியில் காஜ் டியூஷன் சென்டரில் மாதிரி நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், ஹஸாரா இனத்தவர். பெண் என்பதற்காகவா, ஹஸாரா என்பதற்காகவா? இரண்டுக்கும்தான் என்கிறார்கள் ஹஸாராப் பெண்கள். எல்லா ஆப்கன் பெண்களும் ஒன்று என்று தொடங்கும் பாடத்தில் இவர்கள் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். தஜிக், உஸ்பெக், பஷ்தூன் பெண்கள் ஒரே அறையில் பழைய அரசின் ஊழலையும் ஓரவஞ்சனையையும் பேச நேர்ந்தால் குரல் உயரத்தான் செய்யும். பயிற்சி நடத்துபவர் அவசரமாகத் தேநீர் இடைவேளை விடுவதைக் காட்டிலும், அந்தச் சண்டையை நடக்க விடுவதே நல்ல தலைமைப் பாடம்.

சண்டை தீராமலே கூடவும் முடியும் என்று 2024 செப்டம்பரில் அல்பேனியாவின் டிரானா காட்டியது. ஃபவ்ஸியா கூஃபியின் அமைப்பு முன்நின்று கூட்டிய ஆப்கன் பெண்கள் மாநாட்டுக்கு 130-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாட்டுக்குள்ளிருந்து கிளம்பிய சிலர் வந்து சேர்ந்தார்கள், சிலர் வழியிலேயே தடுக்கப்பட்டார்கள். ‘நான், கார், ஆசாதி’ என்று காபூல் தெருவில் ஒலித்த கோஷம் அவர்கள் எல்லோருக்கும் பொது: ரொட்டி, வேலை, விடுதலை.

மூச்சு யார் கையில்?

பயிற்சித் திட்டத்தின் ஆயுள் பணம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. அமெரிக்க உதவித்தொகையில் ஓமனில் படித்துக்கொண்டிருந்த 80-க்கும் மேற்பட்ட ஆப்கன் மாணவிகளுக்கு 2025 தொடக்கத்தில், நிதி நின்றுவிட்டது, ஊருக்குத் திரும்ப நேரிடும் என்று தகவல் போனது. எந்த ஊருக்கு? பெண்கள் கல்லூரி வாசலை மிதிக்கக் கூடாத ஊருக்கு. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கா ஆப்கன்களுக்குத் தந்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து முடிவுக்கு வந்தது. ஆபத்தில் இருப்போரை அழைத்துக்கொள்ளும் ஜெர்மனியின் திட்டமும் நின்றது. பாகிஸ்தானும் ஈரானும் லட்சக்கணக்கில் திருப்பியனுப்பிக்கொண்டிருக்கின்றன. பாலின சமத்துவத்துக்காக வாதாடக் கற்றுக்கொடுக்கும் அரசே வீசாவையும் ரத்து செய்தால் அந்த வகுப்பின் பொருள் என்ன?

ஐரோப்பாவில் ஒரு கதவு மட்டும் அகன்றிருக்கிறது. ஒருவர் ஆப்கன் நாட்டவர், பெண் என்ற இரண்டு விவரமே தஞ்சம் தரப் போதும், தனியாக அச்சுறுத்தலை நிரூபிக்கக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது ஐரோப்பிய மண்ணில் கால் வைத்தவருக்கு. கால் வைக்க விமானம் ஏற வேண்டும்.

டெல்லியும் இந்தக் கதையில் சுத்தமான கையோடு இல்லை. 2021 ஆகஸ்ட் 20 அன்று ஃபர்யாப் மாகாண எம்.பி. ரங்கினா கார்கர் டெல்லி விமான நிலையத்தில் இறங்கினார். தூதரகப் பாஸ்போர்ட் இருந்தும் உள்ளே விடாமல் திருப்பியனுப்பினார்கள். அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் அது தவறுதான் என்று அரசு ஒப்புக்கொண்டதாக எதிர்க்கட்சித் தலைவர்கள் பிறகு சொன்னார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில், அதே டெல்லிக்கு முத்தகி விருந்தினராக வந்தார். 10-ஆம் தேதி ஆப்கன் தூதரகத்தில் அவர் நடத்திய நிருபர் கூட்டத்துக்குப் பெண் பத்திரிகையாளர்களை அழைக்கவில்லை. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றது வெளியுறவுத் துறை. கூச்சல் கிளம்பியதும் இரண்டு நாளில் இன்னொரு கூட்டம் வைத்தார்கள். பெண்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, உங்கள் ஊரில் சிறுமிகள் எப்போது பள்ளிக்குப் போவார்கள் என்று கேட்டார்கள். ஊரே கூடிக் கத்தினால் தாலிபானும் இறங்கி வரும் என்று அந்த இரண்டு நாள் காட்டியதை ஐ.நா.வின் தோஹா ஏற்பாட்டாளர்கள் பார்த்திருந்தால் நல்லது.

சான்றிதழோடு கலையாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் பயிற்சி ஏதாவது உண்டா என்றால், பெயரிலேயே தலைமை என்று வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்லலாம். ஷபானா பாசிஜ்-ரசிக் சிறுமியாக இருந்தபோது, முதல் தாலிபான் ஆட்சியில், ஆண்பிள்ளை உடையில் ரகசியப் பள்ளிக்குப் போனவர். காபூலில் அவர் நடத்திய பெண்கள் உறைவிடப் பள்ளியின் முழுப் பெயர் ‘ஆப்கானிஸ்தான் தலைமைப் பள்ளி’. 2021 ஆகஸ்டில் மாணவிகளின் ஆவணங்களை அவரே தீயிட்டார், அவை கையில் கிடைத்தால் குடும்பங்களைத் தேடி வருவார்கள் என்பதற்காக. அந்த மாதமே மாணவிகள், ஆசிரியர்கள், குடும்பத்தார் என ஏறத்தாழ 250 பேரோடு ருவாண்டாவுக்குப் போய், அங்கே பள்ளியை நடத்துகிறார். பல நாடுகளில் அகதியாக இருக்கும் ஆப்கன் சிறுமிகள் இப்போது அங்கே சேர்கிறார்கள். இனப்படுகொலைக்குப் பின் எழுந்து, நாடாளுமன்றத்தில் பெண்களைப் பெரும்பான்மையாக வைத்திருக்கும் நாட்டில் அவர்கள் வளர்கிறார்கள். பல ஆண்டுப் படிப்பு, கணிதம், அறிவியல், குர்ஆன், தங்கள் மொழி. வார இறுதிப் பயிலரங்கைவிட இது மெதுவான வேலை, செலவும் அதிகம். எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மற்ற திட்டங்கள் செய்யக்கூடியது சிறிது, ஆனால் திட்டவட்டமானது. ஆண்டு முழுதும் சம்பளம் கொடுத்து ஒரு வழக்கறிஞரை உடன்படிக்கை வரைவில் வேலை செய்ய விடலாம். உள்ளேயிருந்து வரும் பதிவுகளைக் காக்கச் சர்வர் வாடகை கட்டலாம். முன்னாள் நீதிபதி முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்காமல் சாட்சியம் எழுத நேரம் வாங்கிக் கொடுக்கலாம். பயணச்சீட்டும் வீசாவும் எடுத்துத் தரலாம்.

வீசாதான் இப்போது பெரிய முடிச்சு. மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் குறித்த உடன்படிக்கைக்கான மாநாடு 2028-லும் 2029-லும் ஐ.நா.வின் நியூயார்க் தலைமையகத்தில் கூட இருக்கிறது. பாலின ஒதுக்கல் என்ற குற்றம் அங்கேதான் எழுத்தில் ஏறும், அல்லது விடுபடும். ஐரோப்பியக் குடியுரிமையோ கனடியக் குடியுரிமையோ வாங்கிவிட்டவர்கள் போகலாம். 2025 ஜூன் முதல் அமெரிக்கா நுழைவைத் தடைசெய்த நாடுகளின் பட்டியலில் ஆப்கானிஸ்தான் இருக்கிறது. பழைய குடியரசின் பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருக்கும் பெண், எத்தனை சான்றிதழ் பெற்றிருந்தாலும், அந்தக் கூட்டத்தை ஜூமில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.